இரண்டு ஷில்லிங் பொட்டலமும் நூறு பவுண்டு பெட்டியும்

1952-இல் இங்கிலாந்தின் வுல்வொர்த்ஸ் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு ஒரு கப்பல் கிடைத்தது. பிரான்சிஸ் டிரேக் உலகைச் சுற்றிவந்த 'கோல்டன் ஹைண்ட்' கப்பலின் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் மாதிரி அது. பெட்டியெல்லாம் கிடையாது. ஒரு பிளாஸ்டிக் பை, அதன் வாயை மூடி மடித்து அடித்த ஒரு காகிதம், செய்முறையும் அந்தக் காகிதத்திலேயே. காலையில் வாங்கினால் இருட்டுவதற்குள் கப்பல் தயார். அந்த இரண்டு ஷில்லிங்கின் இன்றைய மதிப்பு மூன்று, நான்கு பவுண்டு இருக்கும்.

அதே ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட மஸ்கிட்டோ விமானம் 24-இல் ஒரு பங்கு அளவு. பெட்டியைத் திறந்தால் 600-க்கும் மேற்பட்ட பாகங்கள். இந்த வகைப் பெரிய பெட்டிகளின் விலை இன்று நூறு பவுண்டைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. வாங்கியவர் வீட்டில் அது ஆறு மாதம் மேசையில் கிடக்கும். ஆறு வருடம் அலமாரியில் பிரிக்காமல் கிடந்தாலும் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் யாரும் வியக்க மாட்டார்கள்.

பொட்டலம் வாங்கிய முதல் பையனுக்கு இன்று எண்பது கடந்திருக்கும். அவனுக்குப் பின்னால் 1960-களிலும் 70-களிலும் கையில் பசையோடு அலைந்த பையன்கள்தான், நரைத்த தலையோடு இன்று பெரிய பெட்டியை வாங்குகிறார்கள். பிளாஸ்டிக் மாடல் தொழில் புதிய தலைமுறைகளைப் பிடித்து வளர்ந்ததைவிட, ஒரு தலைமுறைப் பையன்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வூதியம் வரை பின்தொடர்ந்து போனதுதான் அதிகம். அவர்களுக்கு வயதானபோது அவர்களுடைய விளையாட்டுச் சாமானுக்கும் வயதாகிவிட்டது.

சீப்பு வார்த்த இயந்திரம்

ஏர்ஃபிக்ஸைத் தொடங்கிய நிக்கோலஸ் கோவ் ஹங்கேரியிலிருந்து லண்டனுக்குப் பிழைக்க வந்தவர். 1939-இல் அவர் செய்தது காற்றடைத்த ரப்பர் பொம்மை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் செலுத்தும் இயந்திரத்தை வாங்கி, தலைவாரும் சீப்பு வார்த்தார். 1949-இல் ஃபெர்குசன் டிராக்டர்காரர்கள் தங்கள் விற்பனைப் பிரதிநிதிகளுக்குக் கொடுப்பதற்காக ஒரு குட்டி டிராக்டர் செய்து கேட்டார்கள். அதைத் தொழிற்சாலையில் ஒட்டி முடிப்பது பெரிய தொல்லையாக இருந்தது. அதனால் பாகங்களாகவே பொட்டலம் கட்டிக் கடையில் விற்றுப் பார்த்தார்கள். ஒட்டும் வேலை வாங்குபவன் தலைக்குப் போனது. அவன் அதற்குக் காசும் கொடுத்தான். ஏர்ஃபிக்ஸின் தொழிலுக்கு அடித்தளம் இதுதான்.

1953-இல் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் வந்தது. அது விற்கும் என்று கோவ் நம்பவே இல்லை. அச்சு செய்த செலவை வடிவமைப்பாளர்கள் சம்பளத்தில் பிடிக்கப் போவதாக மிரட்டினார் என்று அந்த நிறுவனத்தைப் பற்றிய பழங்கதைகளில் உண்டு. அந்த மாடல் அமெரிக்காவின் ஆரோரா நிறுவனம் செய்த பெரிய ஸ்பிட்ஃபயரைப் பார்த்துச் சுருக்கியது. அதிலிருந்த பிழைகளும் சுருங்கி உடன் வந்தன. விமானத்தின் பக்கவாட்டில் ஒட்டும் எழுத்துகள்கூடத் தவறு. எந்தப் பையனும் புகார் எழுதவில்லை. அவனுக்கு வேண்டியது தன் உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஸ்பிட்ஃபயர்.

உள்ளங்கை என்றது கணக்கோடுதான். 72-இல் ஒரு பங்கு என்றால், ஆறடி உயரம் ஓர் அங்குலமாகச் சுருங்கும். பிரிட்டிஷ் அடிக்கணக்குக்கு இது கச்சிதம். 37 அடிக்குச் சற்றுக் குறைவான இறக்கை விரிப்பு கொண்ட ஸ்பிட்ஃபயர் ஆறு அங்குலச் சொச்சத்தில் முடிந்துவிடும். ஏர்ஃபிக்ஸுக்கு முன்பே, 1930-களில் ஸ்கைபேர்ட்ஸ் என்ற மர மாடல்களும் ஃப்ராக் நிறுவனத்தின் 'பெங்குவின்' பிளாஸ்டிக் மாடல்களும் இந்த அளவில் வந்தன. போரின்போது எதிரி விமானத்தை அடையாளம் காணப் பயிற்சி கொடுத்த மாதிரிகளும் இதே அளவு. ஏர்ஃபிக்ஸ் அதைக் கால்சட்டைப் பையிலிருக்கும் சில்லறைக்குள் கொண்டுவந்தது.

பையன் அதைக் கட்டிய விதத்தை இன்றைய மாடல்காரர் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வார். பாகங்களை அவற்றின் பிளாஸ்டிக் காம்பிலிருந்து முறுக்கிப் பிய்ப்பான். பிய்த்த இடம் முள்ளாக நிற்கும். டியூப் பசை நூல்நூலாக இழுபடும். விமானி அறைக் கண்ணாடியில் அவன் பெருவிரல் ரேகை நிரந்தரமாகப் பதியும். பெயின்ட் என்றால் ஹல் நகரத்து ஹம்ப்ரோல் நிறுவனத்தின் குட்டித் தகர டப்பா, எனாமல். காய ராத்திரி முழுக்க ஆகும், அவன் அரை மணி நேரம் பொறுப்பான். பெயின்டே அடிக்காமல் விட்ட விமானங்கள் ஏராளம். மறுநாள் அது தையல் நூலில் கூரையிலிருந்து தொங்கும். சில மாதம் கழித்துத் தோட்டத்தில் அதற்குப் போர் மூளும். இங்கிலாந்தில் ஆண்டுதோறும் நவம்பர் 5-ஆம் தேதி வெடிக்கும் பட்டாசிலோ அண்ணனின் காற்றுத் துப்பாக்கியிலோ முடிந்துபோகும். அன்றைய மாடலுக்கு ஆயுள் குறைவு, அனுபவம் அதிகம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அந்தப் பையனுடைய அப்பாவோ மாமாவோ தெருவிலிருந்த யாரோ ஒருவரோ அந்தப் போரில் இருந்தவர். லங்காஸ்டர் குண்டு விமானத்தின் வால்பக்கத் துப்பாக்கி மேடையில் உட்கார்ந்திருந்தவர் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பக்கத்து இருக்கையில் இருப்பார். அவர் பேச மாட்டார். பையன் விமானத்தைக் கட்டித் தெரிந்துகொள்வான்.

படமும் சொல்லும்

பொட்டலம் பெட்டியானபோது பெட்டிக்கு மேல் படம் வந்தது. 1964-இல் ஏர்ஃபிக்ஸுக்கு வரையத் தொடங்கிய ராய் கிராஸ், பத்தாண்டு காலம் அந்தப் படங்களால் பிரிட்டிஷ் பையன்களின் கனவை நிரப்பினார். எரியும் எஞ்சின், கீழே கடல், மேகத்தைக் கிழித்து வரும் எதிரி. உள்ளே இருந்ததோ சாம்பல் நிறப் பிளாஸ்டிக். இரண்டுக்கும் நடுவிலிருந்த தூரத்தைப் பையனின் கற்பனை கடந்தது. பிறகு ஒரு காலத்தில், குழந்தைகள் பொருளில் வன்முறை கூடாது என்று குண்டுகளையும் தீயையும் புகையையும் படத்திலிருந்து அழித்தார்கள். எதிரியில்லாத வானத்தில் போர் விமானங்கள் சும்மா பறந்தன. இன்று தீயும் புகையும் கணினி ஓவியமாகத் திரும்பிவிட்டன. வாங்குபவர் குழந்தை இல்லை என்று விற்பவருக்குத் தெரியும்.

செய்முறைத் தாளும் மாறிப்போனது. பழைய தாளில் ஒவ்வொரு படிக்கும் வாக்கியம் இருந்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் இருந்தது. உடற்கூடு, வால் துடுப்பு, சக்கரக் கால், எஞ்சின் மூடி, விசிறிக் குமிழ் என்று விமானத்தின் உடற்கூற்றை ஒன்பது வயதுப் பையன் படித்தே ஒட்டினான். பல நாடுகளில் விற்க வேண்டும் என்று வந்தபோது வாக்கியங்கள் போய் எண்களும் அம்புக்குறிகளும் மட்டும் நின்றன. 14-ஐ 15-இல் ஒட்டு என்றால் போதும், 14 எதற்கு என்று தெரியவேண்டியதில்லை. திரும்பி வருகிற பெரியவருக்கு இதனால் நட்டமில்லை. அவருக்குப் பெயர்கள் ஏற்கெனவே தெரியும். நட்டம் புதிதாக வரும் குழந்தைக்கு.

ஷிசுவோகாவின் தமியா

துல்லியம் என்ற சொல் இந்தப் பொழுதுபோக்குக்குள் பெரிதாக நுழைந்தது ஜப்பான் வழியாக. ஷிசுவோகாவில் யோஷியோ தமியா 1946-இல் தொடங்கியது மரத் தொழில். 1951-இல் தீ விபத்து அதை அழித்தது. மிச்சத்தை வைத்து மரத்தால் மாடல் செய்து பிழைத்தார்கள். 1960-இல் முதல் பிளாஸ்டிக் மாடலாக யமட்டோ போர்க்கப்பலை வெளியிட்டார்கள்; போட்டியாளரின் விலைக்கு முன் அது எடுபடவில்லை. அதற்குப் பின் வந்த ஜெர்மன் பாந்தர் டாங்கிதான் கைகொடுத்தது. உள்ளே மோட்டார், பேட்டரி. தரையில் விட்டால் ஓடும், புத்தகத்தின்மேல் ஏறும்.

பேட்டரிக்கு இடம்விட்டு டாங்கியை வரைந்தார்கள். வரைந்து முடித்து அளந்து பார்த்தால் அது 35-இல் ஒரு பங்கு. அந்தத் தற்செயல் எண் இன்று உலகம் முழுவதும் ராணுவ மாடல்களுக்கான அளவு. 1968 முதல் தமியா வரிசையாக வெளியிட்ட சிறு சிப்பாய்களும் டாங்கிகளும் அதை உறுதியாக்கின. பேட்டரி ஒருநாள் உள்ளேயிருந்து போனது, அளவு நின்றுவிட்டது.

தமியாவை வளர்த்த மகன் ஷுன்சாகு, 1966-இல் அமெரிக்காவின் அபர்டீன் ராணுவ அருங்காட்சியகத்துக்குப் போய் நின்றிருந்த டாங்கிகளை அங்குலம் அங்குலமாகப் படமெடுத்து வந்தார். 12-இல் ஒரு பங்கு போர்ஷே 934 காருக்காக ஜெர்மனிக்குப் பலமுறை போயும் போதாமல், ஒரு போர்ஷே 911-ஐ விலைக்கு வாங்கிக் கழற்றிப் பார்த்தார்கள். மறுபடி மாட்டுவதற்குப் போர்ஷேயின் ஆட்கள் வரவேண்டியிருந்தது. 1976-இல் அந்த மாடல் வெளிவந்தது. ஓடும் பொம்மை செய்தவர்கள் பதினைந்து ஆண்டுக்குள் நிற்கும் பொருளுக்கு வந்து சேர்ந்த பாதை இது. நிற்கும் பொருளை வாங்குபவன் சற்றே பெரிய பையன்.

இடைவேளை

பதினாலு, பதினைந்து வயதில் பையன் விலகினான். பாட்டு, பரீட்சை, காதல், பிறகு வேலை. அவன் போனதும் தொழிலும் தள்ளாடியது. 1973-இல் எண்ணெய் விலை எகிறியது. பிளாஸ்டிக் எண்ணெயிலிருந்து வருவது. பிறகு திரையில் சுடும் விளையாட்டுகளும் வந்தன. ஃப்ராக் 1970-களின் நடுவில் முடிந்தது. அதன் அச்சுகளில் பல சோவியத் ஒன்றியத்துக்குப் போய் 'நோவோ' என்ற பெயரில் மாடல் வார்த்தன. 1973-இல் பல நிறப் பிளாஸ்டிக்கோடு வந்து, பெயின்ட் அடிக்கத் தெரியாத பையனுக்கும் வழிகாட்டிய மேட்ச்பாக்ஸின் உரிமையாளரான லெஸ்னி 1982-இல் திவாலானது. ஏர்ஃபிக்ஸ் 1981-இல் விழுந்து, பாலிடாய்க்கும் பிறகு ஹம்ப்ரோலுக்கும் கைமாறியது. அச்சுகள் பிரான்சுக்குப் போயின. 2006-இல் ஹம்ப்ரோலும் விழ, ரயில் மாடல் செய்யும் ஹார்ன்பி நிறுவனம் ஏர்ஃபிக்ஸையும் ஹம்ப்ரோலையும் சேர்த்து 26 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. 2009 ஜனவரியில் பிரிட்டனின் கடைசி வுல்வொர்த்ஸ் கடையும் கதவடைத்தது.

நிறுவனங்கள் செத்தாலும் எஃகு அச்சு சாவதில்லை. அதனால்தான் ஐம்பது வயதில் திரும்பி வருபவர், பத்து வயதில் கட்டிய அதே விமானத்தை, அதே முகட்டு வரிகளோடு, வேறு பெட்டியில் மறுபடி வாங்க முடிகிறது.

திரும்பியவரின் மேசை

அவர் ஏன் திரும்புகிறார் என்பதற்குப் பெரிய தத்துவம் வேண்டாம். பிள்ளைகள் வளர்ந்து ஓர் அறை காலியாகிறது. வேலை நாள் முழுக்கத் திரையில் கழிகிறது. சாயங்காலம் பார்த்தால் கையில் எடுத்துக் காட்ட எதுவும் இல்லை. நோயிலிருந்து எழுந்தவர்கள் உண்டு, துணையை இழந்தவர்கள் உண்டு. பிரிட்டனில் 'மாடல்ஸ் ஃபார் ஹீரோஸ்' என்ற தொண்டு அமைப்பு, போர்க்களத்திலிருந்து மனக்காயத்தோடு வந்த வீரர்களுக்கு மாடல் கிட்டுகளும் கருவிகளும் கொடுத்து உட்காரவைக்கிறது. 2020-இன் ஊரடங்கு பலரைப் பரணில் ஏறவைத்தது. ஊரே முடங்கிய அந்த ஆண்டு ஹார்ன்பிக்கு விற்பனை கூடியது.

திரும்பியவருக்கு முதல் அதிர்ச்சி கருவிகள். பிய்ப்பதற்குத் தனி வெட்டுக்குறடு, பிறகு கத்தி, பிறகு பலவித உப்புத்தாள். பசை, தண்ணீர்போல் இருக்கிறது. இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடித்து இடுக்கில் தூரிகை நுனியைத் தொட்டால் போதும். பசை தானே உள்ளே ஓடிப் பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்கிவிடும். விரல் ரேகை பதிவதில்லை, விரலை இடுக்கின்மேல் வைக்காத வரை. எனாமலுக்குப் பதில் தண்ணீரில் கழுவும் அக்ரிலிக். ஸ்பெயின் நாட்டு வயேஹோ புட்டிகள் ஐரோப்பாவில் எல்லா மேசையிலும் நிற்கின்றன. தூரிகையை ஓரங்கட்டி ஏர்பிரஷும் கம்ப்ரஸரும் வந்தன. அவற்றோடு முகமூடியும் காற்றை வெளியேற்றும் விசிறியும் வந்தன. அன்று டியூப் பசையை முகர்ந்துகொண்டே வேலை செய்த பையனுக்கு இதெல்லாம் யாரும் சொல்லவில்லை.

பெட்டிக்குள்ளிருப்பதோடு இன்றைய மாடல் முடிவதில்லை. செக் நாட்டு எட்வார்ட் நிறுவனம் அமிலத்தால் அரித்தெடுத்த பித்தளைத் தகட்டில் இருக்கை வார் விற்கிறது. கொக்கி தனி, வார் தனி. முப்பரிமாண அச்சில் செய்த கருவிப் பலகை, ஒரு விரல் நகத்துக்குள் இருபது முள்காட்டிகள். எல்லாம் ஒட்டி, உடற்கூட்டின் இரண்டு பாதியையும் மூடிவிட்டால் பாதிக்குமேல் வெளியே தெரியாது. உள்ளே இருக்கிறது என்று கட்டியவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இத்தனையும் வாங்கி வைத்துக்கொண்டு உட்காரும்போது கண் ஒத்துழைப்பதில்லை. தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி வாங்குகிறார். கையிலிருந்து தெறித்த சிறு பாகம் தரைவிரிப்பில் விழுந்தால், பத்து வயதில் குனிந்து எடுத்தது இப்போது முட்டி போட்டு, டார்ச் அடித்துத் தேடும் படலமாகிறது. பாகங்கள் சிறுத்துக்கொண்டே போகின்றன. வாங்குபவரின் பார்வை மங்கிக்கொண்டே போகிறது. தொழில் தன் வாடிக்கையாளரோடு வளர்ந்ததில் இந்த ஒரு கணக்கு மட்டும் தலைகீழாகிவிட்டது.

துல்லியம் என்ற பாணி

இன்றைய மாடல் அன்றையதைவிட எவ்வளவோ துல்லியமானது. இதில் வாதம் இல்லை. ஆனால் அந்தத் துல்லியத்தையும் ஓர் அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும்.

பழைய ஏர்ஃபிக்ஸ் விமானங்களின் உடம்பெல்லாம் ஆணித்தலைகள். அரை மில்லிமீட்டர் ஆணித்தலையை 72-ஆல் பெருக்கினால் 36 மில்லிமீட்டர். கைக்கடிகார முகப்பின் அகலம். எந்த ஸ்பிட்ஃபயரிலும் அப்படியோர் ஆணி கிடையாது. அதைப் பார்த்துச் சிரித்த பிறகு, புதிய மாடலின் வரிகளையும் கணக்குப் போட வேண்டும். தகடுகள் சேரும் கோடுகள் இப்போது முகடாக இல்லாமல் பள்ளமாக வருகின்றன. கால் மில்லிமீட்டர் பள்ளம் என்றால் உண்மை விமானத்தில் 18 மில்லிமீட்டர் இடைவெளி. அத்தனை பெரிய இடுக்கோடு எந்த விமானமும் பறக்காது. மாடல்காரர் அந்தப் பள்ளத்தில் கறுப்புச் சாயத்தை வேறு ஓடவிட்டு எடுத்துக்காட்டுகிறார்.

பெயின்ட் அடிக்கும் முறைக்கும் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு மோஸ்தர் உண்டு. 1970-களில் அமெரிக்கரான ஷெப் பெயின், மோனோகிராம் நிறுவனத்தின் கிட்டுகளுக்குள் வைத்த காட்சிப்படத் தாள்களால், மாடலை ஒரு சம்பவத்தின் நடுவே நிறுத்திக் கதை சொல்ல வைத்தார். 1980-களில் பெல்ஜியத்தின் பிரான்சுவா வெர்லிண்டன், சாயம் ஓடவிடுவதையும் காய்ந்த தூரிகையால் விளிம்பு துடைப்பதையும் உலகத்துக்குப் பரப்பினார். பிறகு ஸ்பெயின் நாட்டவர்கள் ஒரே டாங்கியில் பத்து நிழல் காட்டினார்கள். துருவும் சேறும் தனித்தனிப் புட்டியில் வந்தன. இன்று போட்டி மேடையில் ஜெயிக்கும் டாங்கி, போரில் ஓடிய எந்த டாங்கியைவிடவும் அதிகமாகத் துருப்பிடித்திருக்கும். திரும்பி வந்த பெரியவர் தன் வேலை இதுபோல் இல்லையே என்று சோர்ந்து போவது வீண். அவர் பார்ப்பது உண்மையை அல்ல, இந்தப் பத்தாண்டின் பாணியை.

அலமாரி

அன்றுக்கும் இன்றுக்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடு பசையிலோ பெயின்டிலோ இல்லை. அது அலமாரியில் இருக்கிறது. பையனிடம் கட்டாத கிட் என்று ஒன்று இருந்ததே இல்லை. அடுத்த சில்லறை சேரும்வரை அடுத்த விமானம் கிடையாது. பெரியவரிடம் காசு இருக்கிறது, நேரம் இல்லை. காசால் நேரத்தை வாங்குவதாக எண்ணிப் பெட்டிகளை வாங்குகிறார்.

அதற்கு ஒரு நியாயமும் உண்டு. கிட்டுகள் ஒரு முறை வார்த்து விற்றுத் தீர்ந்தால் எப்போது திரும்ப வரும் என்று சொல்ல முடியாது. திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன் நியூசிலாந்தில் நடத்திய 'விங்நட் விங்ஸ்', முதல் உலகப் போர் விமானங்களை 32-இல் ஒரு பங்கில் அற்புதமாகச் செய்தது. 2009-இல் விற்பனையைத் தொடங்கி 2020-இல் மூடிவிட்டது. பிரிக்காத பெட்டி வைத்திருந்தவர்களுக்கு அதன் விலை பல மடங்கு ஏறியது. 'இப்போது விட்டால் கிடைக்காது' என்ற பயத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அந்தப் பயத்தில் வாங்கியதைப் பிரிக்கவும் கை வராது. பிரித்தால் விலை போய்விடும். வாழ்நாளில் கட்டி முடிக்க முடியாத அளவு பெட்டி வைத்திருப்பது இந்தக் கூட்டத்தில் நகைச்சுவை. அவர் காலத்துக்குப் பின் அதை என்ன செய்வது என்று திகைக்கும் குடும்பத்துக்கு அது நகைச்சுவையாக இருப்பதில்லை.

கூட்டமும் குழந்தைகளும்

அன்று பையன் தனியாகக் கட்டினான். மிஞ்சினால் தம்பி பக்கத்தில். இன்று கூட்டம் உண்டு. 1963-இல் பிரிட்டனில் தொடங்கிய சர்வதேச பிளாஸ்டிக் மாடல்காரர் சங்கத்துக்குப் பல நாடுகளில் கிளைகள். நவம்பர் தோறும் டெல்ஃபோர்ட் நகரில் அவர்கள் நடத்தும் 'ஸ்கேல் மாடல்வேர்ல்ட்' கண்காட்சிக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து வருகிறார்கள். மேசை மேசையாக மாடல். நடுவர்கள் டார்ச் அடித்துச் சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்கிறார்கள். ஷிசுவோகாவில் மே மாதம் நடக்கும் கண்காட்சியும் இப்படித்தான். பேச்சு பெரும்பாலும் ஒரு பச்சை நிறம் சரியான பச்சையா என்பது பற்றியே இருந்தாலும், பேசுவதற்கு ஆள் கிடைத்ததுதான் பலருக்கு லாபம்.

அந்த மண்டபங்களில் குறைவாகத் தென்படுவது குழந்தைகள். விளையாட்டுச் சாமானைப் பெரியவருக்கேற்ப வளர்த்ததன் விலை இது. 600 பாகங்களும் கம்ப்ரஸரும் கத்தியும் வேண்டும் என்றால் ஒன்பது வயதுக்காரன் எங்கே நுழைவான்?

இதற்குப் பதில் வைத்திருப்பது ஷிசுவோகாவில் தொழிற்சாலை நடத்தும் பண்டாய். 1979-இல் தொலைக்காட்சியில் வந்து அவ்வளவாக எடுபடாமல் முடிந்த 'கண்டம்' என்ற இயந்திர மனிதத் தொடருக்கு, 1980 ஜூலையில் 300 யென்னுக்கு ஒரு கிட் வெளியிட்டார்கள். பசை தேவைப்பட்டது, பெயின்டும் தேவைப்பட்டது. பையன்கள் அள்ளினார்கள். அவர்களும் இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர்களுக்கென்று விலையுயர்ந்த பெரிய கண்டங்களும் உண்டு. ஆனால் பண்டாய் கீழ்ப்படியை வெட்டவில்லை. நிறம் நிறமாகவே வார்த்தது, பசையில்லாமல் அழுத்தினால் பொருந்தும்படி செய்தது. 2020-இல் வந்த 'என்ட்ரி கிரேட்' கண்டத்தை ஆயிரம் யென்னுக்குள் வாங்கலாம். வெட்டுக்குறடுகூட வேண்டாம், கையால் முறுக்கினால் பாகம் சுத்தமாகக் கழன்றுவிடும். இங்கிலாந்துப் பையன் முரட்டுத்தனமாகச் செய்ததைத்தான் பண்டாயின் பொறியாளர்கள் முறைப்படி செய்ய முடியும்படி ஆக்கினார்கள். ஏர்ஃபிக்ஸும் பசையற்ற 'குவிக்பில்ட்' வரிசையோடு அந்த வழிக்கு வந்திருக்கிறது.

மாடலின் தரம் உயர்ந்தது, கருவி உயர்ந்தது, தகவல் உயர்ந்தது. எதிலும் அன்றைவிட இன்றே மேல். ஒன்றில் மட்டும் பையன் இன்றும் ஜெயிக்கிறான்: அவன் தொடங்கியதை முடித்தான்.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஏர்ஃபிக்ஸின் பல கிட்டுகள் வார்க்கப்பட்டது இந்தியாவில்தான். பெட்டியின் ஓரத்தில் 'மேட் இன் இந்தியா' என்று அச்சிட்டிருக்கும். இங்கே வார்த்தது அங்கே போய், இணையக் கடை வழியாக இறக்குமதி விலையோடு திரும்பி வருகிறது. ஆனாலும் வருகிறது. சிறு வயதில் எங்கோ ஒரு முறை தொட்டுவிட்டு விட்டவராக இருந்தால், அல்லது தொடவே வாய்க்காதவராக இருந்தால், 72-இல் ஒரு பங்கு ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்றை வாங்குங்கள். ஒரு வெட்டுக்குறடு, ஒரு கத்தி, மெல்லிய பசை ஒரு புட்டி, இரண்டு தூரிகை, நாலைந்து பெயின்ட். பித்தளைத் தகடு வேண்டாம், ஏர்பிரஷ் வேண்டாம். சன்னலைத் திறந்து வையுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் பக்கத்தில் உட்காரவையுங்கள். ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் சொல்லி ஒட்டுங்கள். கோணலாக வந்தாலும் முடியுங்கள். அதை முடிக்கும்வரை இரண்டாவது பெட்டியை வாங்காதீர்கள்.